ஒரு கோடிச் சுற்றுகள்: கிராங்க்ஷாஃப்ட் உடைந்த கதை

1904, 1905 வாக்கில் லண்டனில் கார் வாங்கும் வசதி இருந்தவர்களுக்குப் புதிதாக ஓர் ஆசை பிறந்தது: ஆறு சிலிண்டர். அதுவரை ஒன்று, இரண்டு, நான்கு சிலிண்டர்களோடு ஓடிய கார்கள் உட்கார்ந்திருப்பவரின் பல் ஆடும் அளவுக்கு உதறின. ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தினால் ஒன்றின் உதறலை இன்னொன்று சமன் செய்துவிடும். தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்பழுக்கில்லாத சமநிலை. நேப்பியர் கம்பெனிதான் அதை முதலில் வெற்றிகரமாக வியாபாரம் ஆக்கியது. விற்றவர் செல்வின் எட்ஜ். பந்தய ஓட்டுநர், விளம்பரத்தில் மகா கெட்டிக்காரர். 1907 ஜூன் மாதம், அப்போதுதான் திறந்திருந்த புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் ஆறு சிலிண்டர் நேப்பியரை 24 மணி நேரம் ஓட்டி 1,581 மைல் கடந்தவர்.

அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் ஒரு விநோதம் இருந்தது. குறிப்பிட்ட ஒரு வேகத்தை எட்டும்போது அடியிலிருந்து தடதடவென்று ஒரு சத்தம் கிளம்பும். அந்த வேகத்தைத் தாண்டினால் காணாமல் போய்விடும். வேகத்தைக் குறைத்தால் மறுபடியும் அதே இடத்தில் வரும். வாடிக்கையாளர்கள் கேட்கத்தானே செய்வார்கள்? அதற்கு 'பவர் ராட்டில்', அதாவது சக்தியின் தடதடப்பு, என்று எட்ஜ் பெயர் வைத்ததாக மோட்டார் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பயப்படாதீங்க, இன்ஜினுக்கு வலு ஜாஸ்தி, அதான் இப்படி, என்கிற தொனி.

மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிற எனக்கு இந்தக் கதை உடனே பிடித்துப்போனது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழமொழியே உண்டு: 'அது பக் இல்லை, ஃபீச்சர்.' ஆனால் எங்கள் பக் ஒரு திரையை உறைய வைக்கும், அவ்வளவுதான். எட்ஜின் ஃபீச்சர் கொஞ்ச நாளில் இரும்பை இரண்டாக உடைக்கும்.

தண்டும் ஊஞ்சலும்

கிராங்க்ஷாஃப்ட் என்றால் என்ன? சைக்கிள் பெடலை நினைத்துக்கொள்ளுங்கள். கால் மேலும் கீழும் போகிறது, சக்கரம் சுற்றுகிறது. நடுவில் நின்று நேர்க்கோட்டைச் சுழற்சியாக மாற்றுவது பெடலின் வளைந்த கை. கார் இன்ஜினில் பிஸ்டன்தான் கால். கனெக்டிங் ராடு அந்த உதையைக் கீழே கொண்டுவருகிறது. அடியில் கோணல்மாணலாக வளைந்து படுத்திருக்கும் எஃகுத் தண்டு அதை வாங்கிச் சுழல்கிறது. மெக்கானிக்குகள் செல்லமாக 'கிராங்க்' என்பார்கள். தண்டு இன்ஜின் உடம்பில் உட்கார்ந்து சுழலும் இடங்கள் மெயின் ஜர்னல். கனெக்டிங் ராடு வந்து பற்றும் இடம் கிராங்க் பின்.

பார்க்க அசைக்க முடியாத இரும்பு. ஆனால் ஒவ்வொரு முறை பெட்ரோல் வெடிக்கும்போதும் அந்தத் தண்டு, ஈரத்துணியைப் பிழிவதுபோல, மிகக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. ஆறு சிலிண்டருக்குத் தண்டு நீளம். நீளமான தண்டு சுலபமாக முறுங்கும். ஊஞ்சலுக்கு ஒரு சொந்தத் தாளம் இருப்பதுபோல, இந்த முறுங்கலுக்கும் ஒரு தாளம் உண்டு. ஆள் எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் சரி, ஊஞ்சலின் தாளத்திலேயே தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போகும். இன்ஜினின் வெடிப்புத் தாளமும் தண்டின் சொந்தத் தாளமும் சேரும் அந்த ஒரு வேகத்தில்தான் 'சக்தி' தடதடத்தது. சிலிண்டர்களின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்த கணக்கு சரியாகவே இருந்தது. தண்டு முறுங்கும் என்பதை அந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அதே நாட்களில் ஹென்றி ராய்ஸும் இதே குழியில் விழுந்தார். பீட்டர்பரோ ரயில்வே பணிமனையில் தொழில் கற்றவர், சிறு வயதில் பத்திரிகை விற்றவர். 1904 மே மாதம் மான்செஸ்டர் ஹோட்டல் ஒன்றில் சார்லஸ் ரோல்ஸைச் சந்தித்தார். அதன்பின் இருவரும் சேர்ந்து விற்ற தொடக்ககாலக் கார்களில் ஒன்று, 30 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் கார். இரண்டிரண்டாக வார்த்த மூன்று சிலிண்டர் ஜோடிகள், அடியில் நீளமான தண்டு. அந்தத் தண்டுகள் உடைந்தன. மொத்தமே 37 கார்கள்தான் செய்தார்கள்.

உடைந்ததை எப்படிப் படிப்பது

நல்ல எஃகு, ஒழுங்கான வேலைப்பாடு, அதிகச் சுமையும் இல்லை. அப்புறம் ஏன் உடைகிறது? இந்தக் கேள்வி காரைவிட மூத்தது.

1842 மே 8. வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் முன் இன்ஜினில் ஓர் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தீப்பிடித்தன. பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டி வைப்பது அன்றைய வழக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென்துருவக் கடல்களில் பனிப்பாறைகளுக்கு இடையே கப்பல் ஓட்டித் தப்பி வந்த டூமோன் தூர்வில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணத்தில், மனைவியோடும் மகனோடும் அந்த ரயிலில் எரிந்துபோனார்.

முறிந்த அச்சுகளைப் பார்த்தவர்கள் சொன்ன விளக்கம் வெகுகாலம் நிலைத்தது. நார்நாராக இருந்த இரும்பு, அதிர்ந்து அதிர்ந்து உள்ளே கற்கண்டுபோல் படிகமாகிவிட்டது, அதனால்தான் பட்டென்று உடைந்தது என்றார்கள். முறிந்த முகத்தில் பளபளவென்று மணிமணியாகத் தெரிந்ததுதான் அவர்களுக்கு ஆதாரம். அடுத்த ஆண்டே, இருபத்து மூன்று வயது வில்லியம் ராங்கின், ரயில் அச்சுகள் உடைவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அச்சு தடிமன் மாறும் கூர்மையான மூலையில் ஒரு விரிசல் தொடங்குகிறது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வளர்கிறது, மிச்சமிருக்கும் இரும்பு சுமையைத் தாங்க முடியாத நாளில் முறிகிறது என்பது அவர் கண்டது. மூலையை வளைவாக்குங்கள் என்றார். அப்போது பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து அகஸ்ட் வோலர், பிரஷ்ய ரயில்வே பொறியாளர். 1850களின் பிற்பகுதியிலிருந்து 1870 வரை அவர் செய்ததைப் பொறுமையின் உச்சம் எனலாம். அச்சுத் துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி, சுமையைத் தொங்கவிட்டு, சுற்றவிட்டார். லட்சக்கணக்கான சுற்றுகள், கோடிக்கணக்கான சுற்றுகள். ஒரே ஒரு தடவை ஏற்றினால் இரும்பு அலட்சியமாகத் தாங்கும் சுமை, திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் அதே இரும்பைக் கொன்றுவிடும் என்று காட்டினார். சுமை ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் எத்தனை சுற்று சுற்றினாலும் உடைவதில்லை என்பதையும் கண்டார். எஃகைச் சோதிக்க ஒரு கோடிச் சுற்று என்பது பிற்பாடு வழக்கமான அளவுகோலானது.

ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில் கிராங்க் ஒரு மணி நேரத்தில் 1,80,000 முறை சுழலும். ஒரு கோடியைத் தொட சுமார் 56 மணி நேரம் போதும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நாலைந்து தடவை காரில் போய்வந்தால், வோலர் மாதக்கணக்கில் காத்திருந்து செய்த சோதனையை உங்கள் கிராங்க் முடித்திருக்கும்.

1903இல் கேம்பிரிட்ஜில் ஈவிங்கும் ஹம்ஃப்ரியும் ஸ்வீடன் இரும்பைத் திரும்பத் திரும்ப வளைத்து, நடுநடுவே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். படிகங்கள் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தன. அவற்றுக்குள் மெல்லிய வழுக்கல் கோடுகள் தோன்றின, பட்டையாகின, விரிசலாகின. அறுபது வருடக் கற்கண்டுக் கதைக்குக் கண்ணெதிரே மறுப்பு கிடைத்தது. உலோகம் களைத்துப்போகிறது என்று நாம் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். நேப்பியரின் ஆறு சிலிண்டர் முதன்முதலில் வெளிவந்ததும் அந்த ஆண்டுவாக்கில்தான்.

இரண்டு விதமான ரிப்பேர்

ராய்ஸிடம் முறுக்கு அதிர்வுக்கு முழுமையான கோட்பாடு இருக்கவில்லை. கை இருந்தது, கண் இருந்தது, விடாப்பிடி இருந்தது. 1906 நவம்பரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சிக்கு அவர் கொண்டுவந்த 40/50 இன்ஜினில் தண்டு தடித்திருந்தது. சிலிண்டர்கள் மும்மூன்றாக இரண்டு தொகுதிகள். தண்டின் முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராக அமைந்திருந்தன. ஏழு மெயின் பேரிங்குகள் அதைத் தாங்கின. தடித்த தண்டின் சொந்தத் தாளம் மேலே ஏறிவிட்டதால், இன்ஜின் வழக்கமாக ஓடும் வேகங்களில் அது மாட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு அந்த வகைக் கார் ஒன்றுக்கு வெள்ளி வண்ணம் பூசி, 'சில்வர் கோஸ்ட்' என்று பெயரிட்டு, 15,000 மைல் சோதனைக்கு அனுப்பினார்கள். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பில் ஓடிய வண்டி அது. முடிந்ததும் கழற்றிப்போட்டு, ஒவ்வொரு பாகமாக அளந்தார்கள். புதுசு மாதிரி ஆக்குவதற்கு ஆன உதிரிபாகச் செலவு 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ். கம்பெனி இதை வைத்துச் செய்த விளம்பரம் பிரசித்தம். என்னைக் கவர்வது, ஓடிக்கொண்டிருக்கும் நல்ல இன்ஜினையே திறந்து அளந்து பார்த்த அந்தப் பழக்கம்.

பிரடெரிக் லான்செஸ்டரின் வழி வேறு. 1909இல் டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகராக வந்தார். அங்கும் ஆறு சிலிண்டர், அங்கும் அதே தலைவலி. தண்டைத் தடிமனாக்கினால் எடை கூடும், செலவு கூடும், வேகம் ஏறும்போது அதே பேய் இன்னும் மேலே போய்க் காத்திருக்கும். அவர் தண்டின் முன்நுனியில் ஒரு சின்னச் சக்கரத்தை வைத்தார். இறுக்கமாக மாட்டவில்லை. நடுவில் எண்ணெயில் நனைந்த தட்டுகள். தண்டு ஒரே சீராகச் சுழலும்போது சக்கரமும் பேசாமல் கூடவே சுழலும். தண்டு முறுங்கித் துடிக்க ஆரம்பித்தால், சக்கரம் தன் கனத்தால் பின்தங்கும். தட்டுகளுக்கு நடுவே உள்ள எண்ணெய் இழுபடும். துடிப்பின் சக்தி அங்கே சூடாகக் கரைந்துபோகும். 1910இல் காப்புரிமை. ராய்ஸும் தன் பக்கம் உராய்வால் வேலை செய்யும் ஒரு சறுக்குச் சக்கரத்தைப் பயன்படுத்தினார். யார் முந்தி என்ற வழக்கு ரசிகர்களிடையே இன்னும் ஓடுகிறது, அது நமக்கு வேண்டாம்.

இருவரும் உடைவதை நிறுத்தினார்கள். ராய்ஸ் தன் இன்ஜினைக் காப்பாற்றினார். லான்செஸ்டர் கோளாறின் காரணத்தைத் தனியே பிரித்தெடுத்து, அதற்கு மட்டும் மருந்து வைத்தார். அதனால்தான் அவருடைய மருந்து அடுத்தவர் இன்ஜினுக்கும் பலித்தது. உங்கள் காரின் பானெட்டைத் திறந்து, பெல்ட் ஓடும் அடிப் புல்லியைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது ஒற்றை இரும்பாக இருக்காது. உள் வளையம், வெளி வளையம், நடுவே ரப்பர். லான்செஸ்டரின் சக்கரத்துக்குக் கொள்ளுப்பேரன்.

இது மெக்கானிக்குக்கு இன்றைக்கும் முக்கியமான செய்தி. ரப்பர் வெடித்துப்போன புல்லியோடு இன்ஜின் ஓடும், ஸ்டார்ட் ஆகும், ஆக்சிலரேட்டருக்குப் பதில் சொல்லும். டியூனிங் ஆர்வத்தில் எடை குறைந்த அலுமினியப் புல்லியை ஒற்றை வார்ப்பாக மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஓடும். கிராங்க் மட்டும் 1904க்குத் திரும்பிப் போயிருக்கும்.

காதும் மைக்ரோமீட்டரும்

கிராங்க் சாகும் வழி எல்லாமே விரிசல் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் அதிகம் பார்ப்பது தேய்மானம். பெரும்பாலும் எண்ணெயில் தொடங்குவது. இதற்கான அடிப்படையை 1839இல் போட்டவர் அமெரிக்கரான ஐசக் பாபிட். வெள்ளீயம், செம்பு, ஆன்டிமனி கலந்த மென்மையான உலோகத்தை பேரிங்கில் வைத்தார். தண்டு விலையுயர்ந்தது, தப்பிக்கட்டும். பேரிங் மலிவு, அது தேயட்டும் என்ற ஏற்பாடு. தூசி உள்ளே வந்தால்கூட அந்த மெத்தையில் புதைந்துகொள்ளும். அந்தக் காலத்தில் அதை உருக்கி ஊற்றி, நீலச் சாயம் தடவி, ஒட்டும் இடத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கையாலேயே பொருத்தினார்கள். பிறகு மெல்லிய ஷெல் பேரிங் வந்தது.

அனுபவசாலி மெக்கானிக் முதலில் எதையும் கழற்ற மாட்டார். கேட்பார். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொள்வார். சுமை ஏறும்போது அடியிலிருந்து கனமாக 'தொம் தொம்' என்று வந்தால் மெயின் பேரிங் மேல் சந்தேகம். ஆக்சிலரேட்டரை ஏற்றி விடும்போது இன்னும் கூர்மையாக 'டக் டக்' என்றால் கனெக்டிங் ராடு பேரிங். ஒவ்வொரு சிலிண்டராகப் பிளக் இணைப்பை நிறுத்திப் பார்ப்பார். ஒன்றை நிறுத்தும்போது சத்தம் அடங்கினால், 'இதுதான் சார், மூணாவது.' கிளட்ச்சை மிதிக்கும்போது சத்தம் மாறினால், தண்டு முன்னும் பின்னும் நகர்கிறதா என்று த்ரஸ்ட் பேரிங்கைச் சோதிப்பார். வடித்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். ஜிகினா மாதிரி மின்னினால் பேரிங் கரைந்துகொண்டிருக்கிறது. சூடானபின் ஆயில் பிரஷர் விழுந்தால் இடைவெளி பெரிதாகிவிட்டது.

பிறகுதான் கழற்றுவது. ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரில் இரண்டு திசையில், இரண்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும். வட்டம் முட்டையாகியிருக்கிறதா, ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா? நல்ல பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே இருக்கவேண்டிய எண்ணெய் இடைவெளி பல கார்களில் 0.02 முதல் 0.06 மில்லிமீட்டர்தான். தலைமுடியைவிட மெலிசு. அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் தண்டு மிதக்கிறது. தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் ஜர்னலைக் கடைந்து சிறிதாக்கி, அதற்கேற்பத் தடித்த பேரிங் போடுவார்கள். 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாக. பழைய ஆட்கள் வாயில் இன்னும் 'பத்து தௌ, இருபது தௌ'தான். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த இடத்தில்தான் ராங்கின் மறுபடி வருகிறார். ஜர்னல் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் மூலையில் ஒரு சின்ன வளைவு இருக்கும். ஃபில்லட் என்பார்கள். கடையும்போது கல்லின் ஓரத்தைச் சரியாக வளைத்துக்கொள்ளாமல் அந்த மூலையைச் செங்குத்தாக வெட்டிவிட்டால், அளவு கச்சிதமாக இருக்கும், பளபளப்பு கண்ணைப் பறிக்கும், விரிசலுக்கு ஒரு நல்ல வாசலும் அமைந்துவிடும். சில மாதம் கழித்து உடைந்தால் பழி 'டூப்ளிகேட் மெட்டீரியல்' மேல் விழும். மேற்பரப்பை நைட்ரைடு செய்து கெட்டிப்படுத்திய தண்டானால் கடைசலில் அந்தத் தோல் போய்விடலாம், திரும்பக் கெட்டிப்படுத்த வேண்டும்.

உள்ளே ஏற்கெனவே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மிகப் பழைய முறை, மண்பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் செய்வதுதான். தண்டைத் தொங்கவிட்டு ஒரு தட்டு. 'கணீர்' என்றால் நல்லது. 'சொத்' என்றால் ஒதுக்கு. ஆனால் மயிரிழை விரிசல் பல நேரம் கணீரென்றே பொய் சொல்லும். 1920களில் அமெரிக்காவில் வில்லியம் ஹோக் என்பவர் ஒன்றைக் கவனித்தார். காந்தப் பிடியில் வைத்து இரும்பைக் கடையும்போது சிதறிய துகள்கள், வேலைத் துண்டில் இருந்த விரிசல்களின் மேல் கோடுகட்டி நின்றன. காந்தப் புலம் விரிசலில் வெளியே கசிகிறது, துகள்கள் அங்கே ஒட்டுகின்றன. ஆல்ஃபிரட் டி ஃபாரஸ்ட் அதைச் சோதனை முறையாக வளர்த்தார். 1930களில் மேக்னாஃப்ளக்ஸ் என்ற பெயரில் அது தொழிலானது. இன்றும் தரமான கிராங்க் கிரைண்டிங் கடைகளில், கடையும் முன் இந்தச் சோதனையைச் செய்வார்கள். செய்யாத கடைகளும் உண்டு. அங்கே ரேட் கம்மி.

காயலான் கடைக்கு முன்

இப்போது பல இன்ஜின்களுக்கு அண்டர்சைஸ் பேரிங்கே கிடைப்பதில்லை. கிராங்கைக் கடையக் கூடாது, தேய்ந்தால் மாற்று என்கிறது மேனுவல். பல நேரங்களில் பாதி இன்ஜினாகவே மாற்றுகிறார்கள். இதில் சதி ஒன்றும் இல்லை. மெல்லிய பேரிங், உருட்டிக் கெட்டியாக்கிய ஃபில்லட், நுணுக்கமான அளவுகள் எல்லாம் சேர்ந்து பழைய இன்ஜின்களைவிடப் பல மடங்கு அதிகமாக உழைக்கவும் செய்கின்றன. மாற்றுவது பல சமயம் கடைவதைவிட நம்பகமானதும்கூட.

ஆனால் மாற்றும்போது ஒரு கேள்வி விட்டுப்போகிறது. எங்கள் துறையில் சர்வர் தொங்கினால் ரீஸ்டார்ட் செய்வோம். பத்தில் ஒன்பது முறை சரியாகிவிடும். ஏன் தொங்கியது என்பது அந்த ரீஸ்டார்ட்டோடு அழிந்துபோகும். கிராங்கிலும் அப்படித்தான். பேரிங் போனது ஆயில் பம்பால் என்றால், புதிய தண்டும் அதே பம்பிடம்தான் போய்ச் சேரும். முறிந்தது ரப்பர் செத்த புல்லியால் என்றால், அந்தப் புல்லியையே கழுவித் துடைத்துப் புதிய தண்டில் மாட்டிவிடுவார்கள்.

பதில் பெரும்பாலும் உடைந்த முகத்திலேயே எழுதியிருக்கும். கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள்போல வளைவளைவாகக் கோடுகள் இருக்கும். அந்த வளைவுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி விரிகின்றனவோ, அங்கேதான் விரிசல் பிறந்தது. ஃபில்லட் மூலையில் தொடங்கிப் பக்கச்சுவரின் குறுக்கே போயிருந்தால், தண்டு வளைந்து வளைந்து களைத்திருக்கிறது: பேரிங் இருக்கைகள் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா, மூலை சரியாகக் கடையப்பட்டதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய்த் துளையின் விளிம்பில் தொடங்கி 45 டிகிரியில் சாய்ந்து ஏறியிருந்தால் முறுக்கு: புல்லியைப் பார்க்க வேண்டும். 1842இல் 'கற்கண்டாகிவிட்டது' என்று நினைக்கவைத்த சொரசொரப்பான பகுதிதான் கடைசி நொடியில் முறிந்தது. அது சிறியதாக இருந்தால் சுமை குறைவு, விரிசல் வெகுநாள் நிதானமாக வளர்ந்திருக்கிறது. பெரியதாக இருந்தால் தண்டு அதன் தகுதிக்கு மீறிய சுமையை இழுத்திருக்கிறது.

இதைப் படிக்கப் பட்டம் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஐந்து நிமிடம் போதும். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்காமல் இருந்தால் சரி, உரசினால் வரிகள் அழிந்துவிடும். உங்கள் வண்டியின் கிராங்க் என்றாவது உடைந்தால், புதியதுக்குக் காசு கொடுக்கும்போது பழையதைக் கேட்டு வாங்குங்கள். 'அது எதுக்கு சார், இரும்பு விலைக்குத்தான் போகும்' என்பார்கள். போகட்டும், அவசரமில்லை. காயலான் கடைக்குப் போகும்முன் அந்த முகத்தை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிடலாம்.